பிராக்டிக்கம் போகும் முன்: பினாங்கிலிருந்து ஒரு மேற்பார்வையாளரின் குறிப்புகள்

ஒவ்வொரு முறையும் புது மாணவர்கள் வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் முதல் கேள்வி, "அக்கா, முதல் நாள் என்ன போட்டுக்கிட்டு வரணும்?" என்பதுதான். பதில் சுலபம். மூடிய சப்பாத்து, கசங்காத சட்டை, ஒரு பேனா, சட்டைப்பையில் அடங்குகிற சின்ன நோட்டு. மற்றபடி கேட்க வேண்டிய கேள்விகளை யாரும் கேட்பதில்லை. மூன்றாவது வாரத்தில் கண் கலங்கி வந்து உட்கார்ந்த பிறகுதான் கேட்கிறார்கள். அதனால் முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

சமூகப் பணி, ஆலோசனை, முதியோர் பராமரிப்பு, சிறப்புக் கல்வி, எதைப் படித்தாலும் சரி, ஒரு கட்டத்தில் உங்களை வகுப்பை விட்டு வெளியே அனுப்புவார்கள். பிராக்டிக்கம், களப்பயிற்சி, லத்திஹான் இண்டஸ்திரி என்று பெயர்தான் மாறும். அடிப்படை ஒன்றுதான். நிஜ மனிதர்களோடு வேலை செய்வீர்கள். ஒருவர் உங்களைக் கவனித்துக்கொண்டே இருப்பார். அந்த ஒருவரை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்பதைப் பற்றித்தான் இதில் பெரும்பாலும் சொல்லப் போகிறேன். நான் சமூகப் பணி படித்தவள் என்பதால் உதாரணங்கள் அந்தப் பக்கமே சாயும்.

இடம் பார்ப்பது

மலேசியாவில் சமூகப் பணிப் படிப்பு முதன்முதலாகத் தொடங்கியது 1975-இல், இங்கே யுஎஸ்எம்மில், அதாவது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில். அதனால் தீவில் பயிற்சி மாணவர்களைப் பார்த்துப் பழகிய இடங்களுக்குக் குறைவில்லை. பெரியாஸ்பத்திரியில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது. சமூகநல இலாகாவின் மாவட்ட அலுவலகங்கள் இருக்கின்றன. அப்புறம் பெண்கள் உதவி மையங்கள், முதியோர் இல்லங்கள், குழந்தைகள் இல்லங்கள், பார்வையற்றோருக்கும் மற்ற ஓகேயு (மாற்றுத்திறனாளி) அன்பர்களுக்குமான மையங்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம் உண்டு. ஆஸ்பத்திரியில் எல்லாம் அவசரம். டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதிவிடுவார். கட்டிலுக்கு அடுத்த நோயாளி காத்திருப்பார். ஆனால் பெரியவரை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. அந்த இடைவெளியில்தான் உங்கள் வேலை. சமூகநல இலாகாவில் படிவங்களும் சட்டமும் அதிகம். உதவித்தொகை யாருக்குக் கிடைக்கும், ஏன் கிடைக்காது என்பதை அங்கே கற்பதுபோல் வேறெங்கும் கற்க முடியாது. இல்லங்கள் மெதுவானவை. அதே முகங்களைத் தினமும் பார்ப்பீர்கள். என்னைக் கேட்டால், முதல் பயிற்சிக்கு மெதுவான இடமே நல்லது. ஒரு மனிதர் திங்கட்கிழமை ஒரு மாதிரியும் வியாழக்கிழமை வேறு மாதிரியும் இருப்பதைப் பார்க்க அங்கேதான் நேரம் கிடைக்கும்.

வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக மட்டும் ஓர் இடத்தைப் பிடிக்காதீர்கள். உங்கள் குடியிருப்புத் தாமானிலேயே இருக்கும் மையத்துக்குப் போனால், முதல் கோப்பைத் திறக்கும்போதே எதிர்வீட்டுப் பெயர் இருக்கும். பட்டர்வொர்த்திலிருந்து தினமும் ஃபெரி ஏறி வருவது அலுப்புதான்; பெரும்பாலான இடங்களில் சம்பளமும் கிடையாது. வண்டிச் செலவைக் கணக்குப் போட்டு வீட்டில் முன்பே பேசிவிடுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் அந்த இடத்துக்கு ஒரு போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள். என்னை மேற்பார்வை செய்யப் போவது யார்? அவர் இந்தத் துறையில் படித்தவரா? வாரத்துக்கு ஒரு மணி நேரம் எனக்கென்று ஒதுக்குவாரா? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்குப் போன் செய்து இதைக் கேட்ட மாணவர்கள் மிகக் குறைவு. கேட்டவர்களை நான் மறக்கவில்லை.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியின் கடிதம், அடையாள அட்டை நகல், காப்புறுதி விவரம், ரகசியக் காப்பு உறுதிமொழி. ஆஸ்பத்திரி என்றால் தடுப்பூசி விவரமும் கேட்கலாம். குழந்தைகளோடு வேலை என்றால் உங்கள் பின்னணியைச் சோதிக்கலாம். "என்னைச் சந்தேகப்படுறாங்களா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். சோதிக்காத இல்லத்தைப் பார்த்துத்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

முதல் வாரம்: கண்ணுக்கும் காதுக்கும் மட்டும் வேலை

முதல் வாரத்தில் எதையும் சரி செய்யக் கிளம்பாதீர்கள். யார் எங்கே உட்காருகிறார், எந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது, யாரிடம் கேட்டால் உண்மையில் வேலை நடக்கும் என்று பாருங்கள். பெரும்பாலும் அது தலைவராக இருக்காது. கிராணியாகவோ (குமாஸ்தா) வாசல் ஜாகாவாகவோ (காவலாளி) இருக்கும். அவர்கள் பெயரை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

உங்களை அறிமுகம் செய்துகொள்வதற்கு ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள். "என் பெயர் இது, நான் இந்தக் கல்லூரியின் பயிற்சி மாணவி, இந்த மாதம்வரை இங்கே இருப்பேன், என் மேற்பார்வையாளர் இவர்." அவ்வளவு போதும். முடியும் மாதத்தை முதல் நாளே சொல்வது முக்கியம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். ஆலோசனை படிக்கிறவர்கள் "நான் கவுன்சிலர்" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். 1998-ஆம் ஆண்டுக் கவுன்சிலர் சட்டப்படி, பதிவு பெற்றவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

கற்றல் ஒப்பந்தம் என்று ஒரு தாள் வரும். நீங்கள், அந்த இடத்து மேற்பார்வையாளர், கல்லூரி விரிவுரையாளர் என மூவரும் கையெழுத்துப் போடும் தாள். நிறையப் பேர் சீனியரின் தாளைப் பார்த்து அப்படியே எழுதிவிடுகிறார்கள். "தொடர்புத் திறனை மேம்படுத்துவது" என்று எழுதியிருந்தால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். "நான்காவது வாரத்துக்குள் ஒரு வீட்டுச் சந்திப்பை நானே நடத்தி, மேற்பார்வையாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது" என்று எழுதுங்கள். நடந்ததா இல்லையா என்று தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். பாதிப் பயிற்சியில் மதிப்பீடு நடக்கும்போது இந்தத் தாள்தான் உங்களுக்குத் துணை.

தமிழ் தெரிந்தவர் என்றால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்

இது நம் மாணவர்களுக்கே உரிய விஷயம். எந்த அலுவலகத்துக்குப் போனாலும், தமிழ் மட்டும் பேசும் ஒருவர் வந்துவிட்டால், "அடிக், தோலோங் செகேஜாப்" (தங்கச்சி, கொஞ்சம் உதவு) என்று உங்களை இழுத்துப் போவார்கள். பெருமையாக இருக்கும். எனக்கும் இருந்தது.

நான் மாணவியாக இருந்தபோது ஓர் அலுவலகத்தில், எந்த அலுவலகம் என்பது வேண்டாம், நாற்பது வயதுப் பெண் ஒருவர் வந்திருந்தார். பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு உதவி கேட்டு வந்தவர். மலாய் அதிகாரி குடும்ப நிலவரத்தைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். அந்த அம்மா, "வேலைக்குப் போறாரு. எப்பவாவது கை நீட்டுவாரு, மத்தபடி பரவால்ல" என்றார். நான் சட்டென்று "காடாங்-காடாங் டியா ஹூலூர் தாங்கான்" என்று சொல்லிவிட்டேன். மலாயில் அப்படிச் சொன்னால் உதவிக்கரம் நீட்டுகிறார் என்றுதான் போகும். அதிகாரி தலையாட்டி, கணவர் அவ்வப்போது உதவுகிறார் என்று எழுதிக்கொண்டார். எனக்கு அந்த நொடியில் எதுவும் உறைக்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம்.

அன்றிரவு பதிவு எழுத உட்கார்ந்தேன். என் மேற்பார்வையாளருக்கு ஒரு பிடிவாதம் உண்டு: அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன மொழியிலேயே முதலில் எழுது, மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் எழுது. "கை நீட்டுவாரு" என்று தமிழில் எழுதினேன். பேனா நின்றுவிட்டது. காலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்தே அவருக்குப் போன் செய்தேன். அவர் திட்டவில்லை. "சரி, இப்பவே அந்த அதிகாரிகிட்ட போவோம்" என்றார். கோப்பு திருத்தப்பட்டது. அந்த அம்மாவைத் தனியாக அழைத்துப் பேசினார்கள். அந்தத் தடவை அதிகாரியின் பக்கத்தில் உட்கார்ந்தது பயிற்சி பெற்ற ஒருவர், நான் அல்ல. அது சரியும்கூட.

இன்றைக்கு இந்தத் தவறு இன்னும் கனமானது. 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தத்தின்படி, அங்கீகாரம் பெற்ற சமூகநல அதிகாரியே 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்க முடியும். நீதிமன்றம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அதிகாரியின் காதுக்குச் சரியான சொல் போய்ச் சேர்ந்தால்தான் அவர் பேனாவை எடுப்பார்.

அதனால் மொழிபெயர்க்கக் கூப்பிட்டால் என்ன செய்யலாம்? போங்கள். ஆனால் "நான் பயிற்சி மாணவி, என் மேற்பார்வையாளருக்கும் தெரிய வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். "தண்ணி போடுவாரு", "மனசு சரியில்ல", "சாமி வந்துரும்", "பொழங்க மாட்டோம்" மாதிரியான சொல் வந்தால் உடனே மலாயாக்காதீர்கள். "அப்படின்னா என்னங்கம்மா, கொஞ்சம் சொல்லுங்க" என்று அவரிடமே திருப்பிக் கேளுங்கள். அதிகாரியிடம், "நேரடியாக மொழிபெயர்த்தால் பொருள் மாறிவிடும், ஒரு நிமிடம்" என்று சொல்லுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். இன்னொன்று: குடும்பச் சண்டை விஷயத்தை அந்த வீட்டுப் பிள்ளையை வைத்து மொழிபெயர்க்க விடாதீர்கள், அது எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும்.

பதிவு எழுதுவது

உரையாடல் பதிவு என்றால் மாணவர்களுக்கு வேப்பங்காய். அவர் சொன்னது, நான் சொன்னது, அப்போது எனக்கு உள்ளே என்ன தோன்றியது, மேற்பார்வையாளர் எழுத ஓர் இடம், இப்படி நான்கு கட்டம். பத்து நிமிடப் பேச்சை எழுத இரண்டு மணி நேரம் ஆகும். எல்லாச் சந்திப்புக்கும் இது தேவையில்லை. வாரத்துக்கு ஒன்று போதும். ஆனால் நன்றாகப் போன சந்திப்பை எழுதாதீர்கள். எது இடறியதோ அதை எழுதுங்கள்.

ஒரு மாணவி கொண்டுவந்த பதிவில், "பாட்டி சோகமாக இருந்தார்" என்று ஒரு வரி. "எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "பார்த்தாலே தெரிஞ்சுச்சுக்கா." "எதைப் பார்த்து?" கொஞ்ச நேரம் யோசித்தாள். "முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரல்ல கட்டிக்கிட்டே இருந்தாங்க. மகன் பேரு வந்ததும் அவிழ்த்துட்டாங்க. அப்புறம் டீ ஆறிடும், குடின்னு சொன்னாங்க." அதைத்தான் எழுத வேண்டும். சோகம் என்பது நம் முடிவு. பாட்டிக்குக் கோபமாகக்கூட இருந்திருக்கலாம். முந்தானையை எழுதி வைத்தால், மூன்று வாரம் கழித்து வேறொருவர் படித்தாலும் அவரே யோசித்துக்கொள்வார்.

அலுவலகக் கோப்புக்குப் போகும் குறிப்பு வேறு. அது சுருக்கமாக, பெரும்பாலும் மலாயில், தேதி, நேரம், என்ன நடந்தது, அடுத்து என்ன என்று இருக்கும். உங்கள் மனதில் தோன்றியது அதில் வரக்கூடாது. கல்லூரிக்குக் கொடுக்கும் பதிவில் உண்மைப் பெயர், அடையாள அட்டை எண், ஃபிளாட் எண் எதுவும் வரக்கூடாது. பதிவு உள்ள மடிக்கணினியை மாமாக் கடையில் திறந்து வைத்துவிட்டு ரொட்டி சானாய் எடுக்கப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குடும்பப் படம் வரையச் சொல்வார்கள். மூன்று தலைமுறை, யார் யாருக்கு என்ன உறவு என்று. இதில் நம் மொழி கை கொடுக்கும். மலாயில் 'பாக்சிக்' என்று ஒரே சொல்லில் அடங்கிவிடும் மனிதர் நமக்குச் சித்தப்பாவா, பெரியப்பாவா, மாமாவா என்று பிரியும். ஆனால் அதே மொழி காலையும் வாரிவிடும். "மாமா பார்த்துக்கிறாரு" என்று ஒரு பிள்ளை சொன்னால், அது அம்மாவின் தம்பியாக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், அம்மாவோடு இப்போது இருப்பவராகவும் இருக்கலாம். "அம்மா கூடப் பொறந்தவரா?" என்று கேட்டு எழுதுங்கள்.

இன்னொரு படம் சூழல் வரைபடம். அமெரிக்கச் சமூகப் பணிப் பேராசிரியர் ஆன் ஹார்ட்மன் 1975-இல் உருவாக்கியது. பினாங்கில் படிப்பு தொடங்கிய அதே வருடம் என்பதால் எனக்குத் தேதி மறப்பதே இல்லை. நடுவில் குடும்பத்துக்கு ஒரு வட்டம். சுற்றிலும் பள்ளி, கோவில், கிளினிக், வேலை, சமூகநல இலாகா. உறவு பலமானால் தடித்த கோடு, இழுபறியானால் முறுக்குக் கோடு. ஃபிளாட் தரையில் உட்கார்ந்து அவரோடு சேர்ந்தே வரையுங்கள். "கோவிலுக்குப் போடுற கோடு இவ்வளவு தடிப்பா? அங்க யாரு இருக்கா?" என்று கேட்டால் அங்கிருந்து ஒரு கதை வரும். நீங்கள் அலைந்து தேடிய உதவி அந்தக் கதைக்குள் இருக்கும்.

வீட்டுச் சந்திப்பு

முதல் சில தடவை தனியாகப் போகக்கூடாது. யாராவது அனுப்பினால், "மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டுப் போகிறேன்" என்று சொல்லுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று அலுவலகத்தில் எழுதி வைத்துவிட்டுப் புறப்படுங்கள். முடிந்ததும் ஒரு செய்தி. கைப்பேசியில் சார்ஜ் இருக்கட்டும்.

ரைஃபிள் ரேஞ்ச் மாதிரி உயரமான அடுக்கு வீடுகளுக்குப் போகும்போது எந்த மாடி, லிஃப்ட் வேலை செய்கிறதா, நாய் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். நேரத்தையும் அவரிடமே கேளுங்கள். மாலை சீரியல் ஓடும்போது போனால் பாதிக் காதுதான் கிடைக்கும். சப்பாத்தை வெளியே கழற்றுங்கள். அவர்கள் காட்டிய இடத்தில் உட்காருங்கள், முடிந்தால் வாசல் தெரிகிற பக்கம். தண்ணீரோ தேநீரோ கொடுத்தால் வாங்கிக் குடிக்கலாம். இதில் என்னோடு ஒத்துப்போகாத சக பணியாளர்கள் உண்டு. எதையும் வாங்கக்கூடாது என்பார்கள். நம் வீடுகளில் தண்ணீரை மறுத்தால் வீட்டையே மறுத்த மாதிரி. பணம், துணி, தீபாவளிப் பலகாரப் பெட்டி என்றால் வேறு கதை. நன்றி சொல்லி அங்கேயே வைத்துவிட்டு, அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். உள்ளே போனதும் குடித்திருக்கிறார் என்று தெரிந்தாலோ, சண்டை நடந்துகொண்டிருந்தாலோ உட்காராதீர்கள். "இன்னொரு நாள் வர்றேங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம்.

"நீ யாரு புள்ள?"

எந்தத் தமிழ் வீட்டிலும் முதல் ஐந்து நிமிடத்தில் இந்தக் கேள்வி வரும். யாரு புள்ள, எந்தத் தோட்டம், அப்பா என்ன வேலை. பாடப்புத்தகம் உங்களைப் பற்றிப் பேசாதே என்கிறது. பாட்டி முன்னால் அது நடக்காது. ஒரு வரி சொல்லுங்கள்: "எங்க தாத்தா நிபோங் திபால் பக்கம் தோட்டத்துல இருந்தாரு பாட்டி. நீங்க எந்த ஊரு?" கேள்வி திரும்பி அவரிடம் போய்விடும். அவர் உங்களைப் 'பாப்பா' என்று கூப்பிடுவார், நீங்கள் 'பாட்டி' என்பீர்கள், அதில் தப்பேதும் இல்லை.

தப்பு எங்கே தொடங்கும் என்றால், பாப்பாவின் சொந்தக் கைப்பேசி எண் பாட்டியிடம் போகும்போது. இரவு பதினொரு மணிக்கு அழைப்பு வரும். எடுத்தால் தினமும் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் ஏமாற்றினவள் ஆவீர்கள். அலுவலக எண்ணை மட்டும் கொடுங்கள். பேஸ்புக்கில் நட்பு அழைப்பு வந்தால், அடுத்த சந்திப்பில் நேரில் காரணம் சொல்லுங்கள். சொந்தப் பணத்தில் பால்மாவு வாங்கிக் கொடுக்கத் தோன்றும். தோன்றினால் அதையே மேற்பார்வைக்குக் கொண்டுவாருங்கள். பால்மாவுக்கு வேறு வழி இருக்கும், அந்த வழியைத் தேடுவதுதான் உங்கள் பாடம்.

பினாங்கு சின்ன ஊர். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படியில் உங்கள் கோப்பில் இருப்பவர் பால்குடத்தோடு எதிரே வருவார். கூடவே அவருடைய சம்பந்தியும் வருவார். நீங்களாக முதலில் பேசாதீர்கள். "வெளியில பார்த்தா நானா வந்து பேச மாட்டேன், உங்களுக்கு வேணும்னா நீங்க பேசுங்க" என்று முன்பே சொல்லி வைத்துவிட்டால் இருவருக்கும் சங்கடம் இல்லை. கோப்பில் உங்கள் சொந்தக்காரர் பெயரைப் பார்த்தால் மூடி வைத்துவிட்டு நேரே மேற்பார்வையாளரிடம் போங்கள்.

குழந்தைகள் இல்லத்தில் படம் எடுத்துப் போடுவது பற்றி ஒரு வார்த்தை. தீபாவளி சமயத்தில் பதாகையோடு வருகிறவர்கள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துப் போவதைப் பார்த்து நமக்கும் கை துறுதுறுக்கும். வேண்டாம். 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், வழக்கில் சம்பந்தப்பட்ட குழந்தையின் பெயரையோ படத்தையோ ஊடகங்களில் வெளியிடக்கூடாது என்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பிள்ளை நாளைக்கு இடைநிலைப் பள்ளிக்குப் போகும், கூடப் படிப்பவர்கள் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள்.

ரகசியம் காக்கக்கூடாத இடங்கள்

"அக்கா, ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்று ஒரு பிள்ளை ஆரம்பித்தால், சரி என்று சொல்லிவிடாதீர்கள். "உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா நான் ஒருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். யாருகிட்ட சொல்றேன்னு உனக்கு முதல்ல சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் பெரும்பாலான பிள்ளைகள் சொல்கிறார்கள். 2017-ஆம் ஆண்டு வந்த குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டப்படி, இப்படி ஒரு குற்றம் தெரிந்தும் போலீசுக்குத் தெரிவிக்காதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. மாணவர் என்பதற்கு விலக்கு இல்லை. ஆனால் நீங்களே விசாரணை நடத்தக் கிளம்பாதீர்கள். கேட்டதை அதே சொற்களில் எழுதுங்கள், அன்றே மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். அவர் கிடைக்கவில்லை என்றால் அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999, எந்நேரமும் எடுப்பார்கள்.

சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னாலும் இதேதான். பேச்சை மாற்றாதீர்கள், "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று வாயை அடைக்காதீர்கள். "உயிரை விட்டுடலாம்னு யோசிக்கிறீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. அவரைத் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள்; அங்கிருந்தே மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். குடும்பம், "வெளிய தெரிஞ்சா போலீஸ் புடிக்கும்" என்று மறைக்கப் பார்த்தால், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 309 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது என்று சொல்லுங்கள். இது பல வீடுகளுக்கு இன்னும் தெரியாது. மனம் உடைந்தவர்களோடு போனில் பேசும் பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-76272929. அது அவர்களுக்கு மட்டுமில்லை, உங்களுக்கும்தான்.

அந்த ஒரு மணி நேரம்

இப்போது மேற்பார்வைக்கு வருவோம். பல மாணவர்கள் அதைத் தேர்வு மாதிரி நினைத்து வருகிறார்கள். எல்லாம் நன்றாகப் போகிறது என்று பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஓடப் பார்க்கிறார்கள். எல்லாம் நன்றாகப் போனால் நான் எதற்கு? கோப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, உங்களுக்குக் கற்றுக் கொடுப்பது, உங்களைத் தாங்கிப் பிடிப்பது, மேற்பார்வைக்கு இந்த மூன்று வேலை உண்டு. முதலாவது மட்டும் நடந்தால் நீங்கள் குறைந்த சம்பளத்துக் கிராணி, அதுவும் சம்பளமே இல்லாமல்.

வரும்போது கையில் ஏதாவது கொண்டுவாருங்கள். ஓர் உரையாடல் பதிவு, மனதை உறுத்தும் ஒரு கேள்வி, யார் மேலாவது வந்த எரிச்சல். ஆம், எரிச்சலும்தான். ஒரு மாணவனுக்கு ஒரு பெரியவரைக் கண்டாலே பிடிக்கவில்லை. அவர் கோப்பை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தான். மூன்று வாரம் கழித்து ஒருநாள், அவர் பேசுவது தன் அப்பா பேசுவது போலவே இருக்கிறது என்று சொன்னான். அன்றைக்குத்தான் அவனுடைய பிராக்டிக்கம் தொடங்கியது என்று நான் நினைக்கிறேன். முடிந்ததும் என்ன பேசினோம், என்ன முடிவு, யார் எப்போது செய்வது என்று நான்கு வரி எழுதி மேற்பார்வையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

மேற்பார்வையாளரே சரியில்லை என்றால்? நடக்கும். வாரக்கணக்கில் நேரம் கிடைக்காது, நகல் எடுக்கவும் பொருட்காட்சிக்கு நாற்காலி அடுக்கவும்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் நாற்காலி அடுக்குவதில் தப்பில்லை, எல்லோரும் அடுக்குகிறோம். மூன்றாவது வாரமும் அதுவே என்றால் தேதியோடு குறித்து வையுங்கள், முதலில் அவரிடமே கற்றல் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேளுங்கள், நகரவில்லை என்றால் விரிவுரையாளரிடம் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் வந்து அழுதால் எங்களால் எதுவும் செய்ய முடியாது. யாராவது கை வைத்தாலோ, ஒரு மாதிரியாகப் பேசினாலோ மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றே கல்லூரிக்குச் சொல்லுங்கள். பாலியல் தொல்லைக்கு எதிராக 2022-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

கிளம்புவது

முடியும் மாதத்தை முதல் நாளே சொல்லச் சொன்னேன் அல்லவா? கடைசி மாதத்தில் அதை மறுபடி சொல்லத் தொடங்குங்கள். இன்னும் நாலு தடவை வருவேன், இன்னும் மூணு. குழந்தைகள் இல்லத்தில் நாள்காட்டியில் வட்டம் போட்டுக் காட்டுங்கள். அங்கே இருக்கும் பிள்ளைகளில் பலர், சொல்லாமல் போனவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறார்கள். சிலர் கடைசி வாரத்தில் உங்களோடு பேசவே மாட்டார்கள். கோபப்படட்டும், நீங்கள் போய் உட்காருங்கள். அடிக்கடி வந்து பார்ப்பேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

பெயர் அட்டை, சாவி, கோப்பு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுங்கள். கைப்பேசியில் இருக்கும் வேலைப் படங்களை அழியுங்கள். அடுத்து வருபவருக்கு ஒரு பக்கம் எழுதி வையுங்கள். இது கோப்பில் இல்லாத விஷயங்களுக்கு. முந்தானைப் பாட்டியின் வீட்டுக்குப் போன அந்த மாணவி கடைசி நாளில் விடைபெறப் போனபோது பாட்டி கேட்டது ஒன்றுதான்: "அடுத்து வர்றவங்களுக்குத் தமிழ் தெரியுமா?" "தெரியாது பாட்டி, மலாய்க்கார அக்கா." பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் கடைத்தெரு மலாய் பேசுவேன்" என்றார்.

மாணவி எழுதி வைத்த பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மலாயில் ஆறு வரி. தேநீரில் சர்க்கரை போட்டுத்தான் தருவார், பாதி குடித்தால் போதும். மகன் பெயரை நாமாக எடுக்க வேண்டாம். "கால் வலிக்குது" என்று சொன்னால் கிளினிக்கைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டாம். இன்னும் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்கிறார்.